பெட்டி எடுத்த படம்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

மதிப்பிற்குரியவருக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். பதிலுக்கு நலமா என்று விசாரிப்பதுதான் முறை. நீங்கள் அங்கே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருப்பது தெரிந்தும் அப்படிக் கேட்பது எனக்கு நாடகமாகப் படுகிறது. ஆகையால் கேட்கவில்லை.

உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை ஆரம்பித்தேன். போனில் நீங்கள் என்னை மாமா என்கிறீர்கள். நான் தடுத்ததில்லை. அதனால் ஏற்றுக்கொண்டேன் என்று எண்ண வேண்டாம். பெற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். பிறகு ஆல்பத்தை மட்டும் தபாலில் அனுப்பினீர்கள். இங்கே யார் வீட்டுக் கல்யாணமானாலும் படம் எடுக்கிறவன் நான். என் மகள் கல்யாணத்தை எவனோ எடுத்தான். நான் அந்த ஆல்பத்தைத் தொடவே இல்லை என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பாள். பார்த்தேன். மூக்கின் நிழல் உதட்டில் விழுந்திருக்கிறது. லைட்டை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாத ஆளிடம் கொடுத்திருக்கிறீர்கள். போகட்டும், அதைப் பேச இப்போது உட்காரவில்லை.

போனில் பேசினால் நீங்கள் முடிப்பதற்குள் நான் குறுக்கே பேசிவிடுகிறேன். உங்கள் மாமியாரோ போனில் மகள் முகம் தெரிந்ததும் அழுகையை மறைக்கப் போனை மேலே திருப்பிவிடுகிறாள். சிணுங்கி போன வாரம் முழுக்கப் பார்த்தது எங்கள் வீட்டு மின்விசிறியைத்தான். மகளுக்கு அந்தச் செல்லப் பெயரை வைத்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேமராவைக் கண்டாலே சிணுங்குவாள். உலகத்துக் குழந்தைகளையெல்லாம் சிரிக்க வைத்தேன், அவள் ஒருத்தியிடம்தான் தோற்றேன். நாளைக் காலை மருந்துக் கடைக்காரரின் மகள் உங்கள் ஊருக்குப் படிக்க வருகிறாள். அவளுடைய விசாவுக்குப் படம் எடுத்தவனும் நான்தான்; ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். அவள் கையில் இந்த உறையைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை நீங்கள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. தலைக்குள் கட்டி. அது கண் நரம்பை அழுத்துகிறது. வருகிற புதன்கிழமை ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். உள்ளே போவதற்கு முன்னால் அம்மா முகத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்கிறாள் அவள். அம்மா முகம், அவ்வளவுதான் கேட்டாள். நீங்கள் அனுப்பிய அழைப்புக் கடிதத்திலும் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டியதும் விசா அலுவலகத்தில் அவசரம் என்று எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்கே நேரம் கொடுத்தார்கள். அன்றைக்கு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டால் திங்கட்கிழமை விசா கையில், செவ்வாய்க்கிழமை அவள் உங்கள் வீட்டில். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

படத்தை நான் எடுத்தேன். வேறு யார் எடுப்பது? எந்த நாட்டுக்குக் காது தெரிய வேண்டும், எந்த நாட்டுக்குப் பின்னால் வெள்ளை, எந்த நாட்டுக்குச் சாம்பல் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த புத்தகங்களில் படங்களைப் பார்த்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நானே கண்டுபிடித்துக் கற்றது. விசாப் படத்தில் டச்சப் செய்யக் கூடாது என்பதும் தெரியும். கடைச் சுவரில் என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் மாமியார் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேமரா வழியாகப் பார்த்தால் யாராயிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் தள்ளித்தான் தெரிவார்கள். அன்றைக்கு அவள் தள்ளித் தெரியவில்லை. கீழ் இமை இரண்டும் வீங்கியிருந்தன. மூக்கு நுனி சிவந்திருந்தது. வாயின் ஓரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்து பார் என்றேன், நிமிர்ந்தாள். கம்ப்யூட்டரில் போட்டதும் கை தானாகப் போயிற்று. வீக்கத்தை இறக்கினேன். சிவப்பை எடுத்தேன். வாயோரத்தை நேராக்கினேன். என் மனைவி அழுத முகத்தோடு முன்பின் தெரியாதவர்களின் மேஜையில் கிடக்க வேண்டாம் என்று நினைத்தேன். இதில் என்ன குற்றம் என்று இந்த நிமிஷம்வரை எனக்கு விளங்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்குச் சிணுங்கி வயதுதான் இருக்கும். படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். இது எப்ப எடுத்ததும்மா, பழைய படமா என்று கேட்டாள். நேத்து எடுத்தது, நான் எடுத்தது என்றேன். படத்துல கை வச்சிருக்கீங்க ஐயா, இது செல்லாது. அதோ மூலையில படம் எடுக்கற பெட்டி இருக்கு, உள்ள போய் உட்கார்ந்தா அதுவே எடுத்துக் கொடுத்துடும், எடுத்துட்டு வாங்க, நான் இருக்கேன் என்றாள்.

பெட்டியாம். திரையை இழுத்துவிட்டுக் காசு போட்டால் படம் துப்புகிற பெட்டி. அது எடுத்தால் படம், நான் எடுத்தால் இல்லை. எந்த இடத்தில் கை வைத்திருக்கிறேன், விரல் வைத்துக் காட்டு என்றேன். மேலதிகாரியைக் கூப்பிடு என்றேன். உங்கள் மாமியார் என் சட்டையை இழுத்து, ஏங்க, அதுலயே உட்கார்ந்துடறேனே, யார் எடுத்தா என்ன என்றாள். யார் எடுத்தா என்னவாம்! இத்தனை வருஷம் அந்தத் தொழிலில்தான் அவளுக்குச் சோறு போட்டேன். மேலதிகாரி வந்தார், அவரும் அதையே சொன்னார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், பெரியவரே, உங்க ஸ்டுடியோ கண்காட்சிய அப்புறமா வச்சுக்கலாம், இங்க நாங்களும் அவசரமாத்தான் வந்திருக்கோம் என்றார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் உங்கள் மாமியார் இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தனியாகப் போய், காசு எங்கே போடுவது என்று காவலாளியிடம் கேட்டு, அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள். ஈரம் காயாத படத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் கவுண்டரில் மூடியாயிற்று என்று பலகை வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அரை நாள்தானாம். அந்தப் பெண் இவளுக்காக உள்ளே போய்க் கேட்டாள். வந்து தலையை ஆட்டினாள். அடுத்த நேரம் வருகிற வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது. தேதி தள்ளிப்போய்விட்டது என்று மட்டும் உங்கள் மாமியார் உங்களுக்குப் போனில் சொன்னாள். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். இறங்கப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். நான் அழுதது உங்களுக்கு அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு என்றாள். அசிங்கமாக இல்லை. பார்க்க முடியவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் அழுவதில்லை. சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பயணத்துக்குக் கட்டிவைத்த பெட்டியை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. கூடத்தில் நடுவில் கிடக்கிறது, நாங்கள் சுற்றி நடக்கிறோம். அவள் அழுதுகொண்டிருந்ததே மேல் என்று இருக்கிறது.

டாக்டரிடம் இன்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டதாக நீங்கள் சொன்னது மறக்கவில்லை. இருந்தாலும் கேளுங்கள். முடியாது என்றால் அவரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை நான் அந்த அலுவலகத்துக்கு உள்ளே போகப்போவதில்லை, வாசலிலேயே நிற்கிறேன் என்று இவளிடம் சொல்லிவிட்டேன். எப்படியும் வந்து சேர்ந்துவிடுவாள். அப்போது சிணுங்கிக்குக் கண் தெரிந்தால் பார்க்கட்டும். இல்லையென்றால் அம்மா முகத்தைத் தொட்டுப் பார்க்கட்டும்.

உறைக்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். முதலில் என் படத்தைத்தான் வைத்தேன், அவர்கள் வேண்டாம் என்ற படம். அதில் அவள் அம்மா நன்றாக இருக்கிறாள். ஒட்டிய உறையைப் பிரித்து அதை எடுத்துவிட்டேன். அவள் அம்மா முகத்தைத்தான் கேட்டாள், என் கைவேலையைக் கேட்கவில்லை. இது அந்தப் பெட்டி எடுத்த படம். வெளிச்சம் நேராக முகத்தில் அடித்திருக்கிறது, தாடைக்குக் கீழே கறுப்பாகக் கிடக்கிறது, இமை வீக்கம் அப்படியே இருக்கிறது. இதை ஒரு படம் என்று சொல்ல எனக்கு இன்னமும் மனம் வரவில்லை. ஆனால் அவள்தான்.

புதன்கிழமை காலையில் அவளை உள்ளே கூட்டிப் போவதற்கு முன்னால் ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, படத்தைக் கையில் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், வேண்டிய மட்டும் பார்க்கட்டும். இவ்வளவு மோசமாக அப்பா எடுத்திருக்க மாட்டாரே என்று கண்டிப்பாகக் கேட்பாள். நான் எடுத்த படமென்றால் அவளுக்குப் பார்த்ததுமே தெரியும். கேட்டால், அனுப்பியது அப்பா என்று சொல்லுங்கள்.

நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அவள் விழிக்கும்போது பக்கத்தில் இருங்கள். இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்