நடுவில் திரை வைத்த டென்ட்

பங்குனி 5, வெள்ளி.

உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் இரண்டு நாள் தங்குவதற்கு இன்று டென்ட் பார்க்கப் போனோம். நாங்கள் நாலு பேர்தான். இவரோ எட்டுப் பேர் படுக்கிற டென்டையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"நமக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?" என்றேன்.

"ஏளா, காலை நீட்டிப் படுக்க வேண்டாமா?" என்றவர், கடைக்காரரிடம் மெதுவாக, "அண்ணாச்சி, நடுவுல திரை உண்டுமா?" என்று கேட்டார்.

எங்களுக்குள் திரை எதற்கு? மூன்று வருஷமாகப் பேச்சில்லாத இவர் தம்பி வீட்டிலும் நாலு பேர். அவர்களுக்கும் அதே சாஸ்தாதான். சாமி முன்னால் நான் முகம் திருப்பமாட்டேன் என்று நினைத்துவிட்டார்.

நானும் டென்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். டென்டுக்கு வாசல் ஒன்றுதான், பார்த்துக்கொண்டேன். வாசலை ஒட்டி நான் படுப்பேன். வெளியே போக வேண்டுமானால், "வழி விடுங்கக்கா" என்று தம்பி பெண்டாட்டிதான் முதலில் பேசியாக வேண்டும்.