வாயில் வெல்லக்கட்டி

மார்ச் 3, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். கடற்காற்று செத்துக் கிடக்கிறது.

சிறுநீர்ச் சோதனை. நீல மருந்தில் சொட்டு விட்டுக் காய்ச்சினேன். செங்கல் நிறம், அதாவது சர்க்கரை உச்சத்தில். நேற்று காலை நீலம் நீலமாகவே இருந்தது, சர்க்கரையே இல்லை. இரண்டு நாளும் அதே கேழ்வரகுக் களி, அதே அளவு இன்சுலின் ஊசி. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

சரோஜா குழாயை எட்டிப் பார்த்தாள். "இன்னாயா இது, நேத்து வச்ச மீன் கொழம்பு கலர்ல கீது!" கட்டியவள் கிண்டல் பண்ணாமல் வேறு யார் பண்ணுவது. சிரித்துவிட்டேன்.

மேஸ்திரி சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. போன வாரம் ஹார்பரில் கிரேனை விட்டு இறங்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கித் தள்ளாடினேன். மதுவிலக்குக் காலம் வேறு. மேஸ்திரி என் வாயை மோந்து பார்த்தார். காதர் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து சர்க்கரையை அள்ளி வந்து வாயில் போட்டு, நான் தெளிந்த பிறகுதான் குடிக்கவில்லை என்று நம்பினார். "இன்னொரு தபா இப்டி ஆச்சி, கீழதான் வேலை."

கிரேன் இல்லாமல் நான் என்ன செய்வேன்? மேலே உட்கார்ந்தால்தான் எனக்கு உயிர்.

மார்ச் 4, புதன்

வாங்க வேண்டியது: ஸ்பிரிட், பஞ்சு, விளக்குத் திரி.

மூட்டைகளைக் கோணலாகக் கட்டியிருந்தார்கள். மேலிருந்து கத்தினேன். உடனே மூட்டை கட்டும் பையன் ஏழுமலை ஏணியில் ஏறி வந்து, "நைனாக்கு சக்கர கொறஞ்சிட்சி" என்று ஒரு வெல்லக்கட்டியை வாயில் திணித்தான். போன வாரத்திலிருந்து இதே கூத்து. கத்தினால் வெல்லம், முறைத்தால் வெல்லம். வேண்டாம் என்றால், "துன்னு நைனா, மேஸ்திரி காதுல வுழப் போவுது" என்று மிரட்டல் வேறு.

எனக்குக் கோபம் பிறவிக்குணம்டா, நோய் இல்லை என்று கத்தினேன். அதற்கும் ஒரு கட்டி.

செங்கல் நிறம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

காதரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். கீழே நின்று எனக்குக் கை காட்டுபவன் அவன். அவன் கை அசையாமல் என் கிரேன் அசையாது. பழைய தோஸ்து.

யோசித்துவிட்டுச் சொன்னான்: "நீ தள்ளாடினியே, அதுக்கு மின்னாடி இன்னா சொன்னே தெரியுமா? 'காதர் பாய், கொஞ்சம் நகருங்க'ன்னே. என்னிக்காவது என்னை நீ அப்டி கூப்ட்டுகிறியா? எனக்கு அப்பவே பக்குன்னு ஆயிட்சி."

பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, "தோ பாருங்கப்பா. இவன் திட்டினா வுட்ருங்கோ. மருவாதியா பேசினா வெல்லத்த எடுங்கோ" என்றான்.

ஒரே சிரிப்பு. என் லட்சணம் அப்படி. வெட்கமாக இருந்தாலும் மனசு லேசாகிவிட்டது.

மார்ச் 7, சனி

இளம் பச்சை! டாக்டர் சொன்ன அளவு. சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பொழைச்சே போ."

மார்ச் 9, திங்கள்

கப்பல் சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம். சாப்பாட்டு வேளை தள்ளிப்போனது. நல்ல வெயில். இறக்கிய மூட்டைக் கட்டை அவிழ்த்தார்கள். அடுத்ததைத் தூக்கக் காத்திருந்தேன். "காதர் பாய், கொஞ்சம் கை காட்டுங்க" என்று மேலிருந்து சொன்னேனாம்.

காதர் கையைத் தூக்கவில்லை. மார்பில் கட்டிக்கொண்டு நின்றான். ஆட்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மறுகணம் ஏழுமலை ஏணியில்.

"எனக்கு ஒன்றுமில்லைங்க, நீங்க இறங்குங்க" என்று அவனிடமும் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. சட்டை தொப்பலாக நனைந்ததும், நாக்கில் வெல்லம் கரைந்ததும்தான் நினைவு.

தெளிந்து கீழே பார்த்தால், காதர் பக்கத்தில் மேஸ்திரி. போச்சு, எல்லாம் பார்த்துவிட்டார். இனிக் கீழேதான் வேலை. அந்த ஆத்திரத்தில், "மரம் மாதிரி நின்னுகினு கீறியேடா சோமாறி, கையத் தூக்குடா!" என்று காதர் மேல் பாய்ந்தேன்.

மேஸ்திரி அவனைக் கேட்டார். "இன்னாய்யா, இப்ப எப்டி கீறான்?"

"திட்றான் சார். நல்லா கீறான்."

"அப்ப வேலையப் பாருங்கோ" என்று நிழலுக்குப் போய்விட்டார்.