மண்டபத்துப் பரணும் நீ கேட்ட கேள்வியும்

அழகர்கோவில் பக்கத்து ஊர் மண்டபத்தில் இன்று பித்தளை அண்டாக்களைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளிப்பு வாடை வாசலிலேயே என்னைப் பிடித்து நிறுத்தியது. நாம் இருவரும் கணக்குப் போட்ட மரக்கூரை அது. நீ போன பிறகு இன்றுதான் அங்கே கால் வைத்தேன்.

கே.கே. நகர் மாடியறையில் நம் இன்ஜினியர் ஆபீஸ். நமக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நாள்தோறும் ஒரு சண்டை. முழுக்க மரத்தில் கூரை கேட்டு நம்மிடம் வந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான். கான்கிரீட்டிலேயே பழகிய நான், எந்தெந்தப் பாரம் சேர்ந்து வரும் என்று மளமளவென்று பட்டியல் போட்டேன். கூரையின் சொந்த எடை, ஆடிக் காற்று, ஓடு மாற்ற ஏறும் ஆட்கள், பரணில் வைக்கும் திருவிழாப் பாத்திரங்கள். விதிப்படி சேர்த்துப் பார்த்ததில் காற்றோடு வரும் தொகைதான் பெரியது. கூரையையும் பரணையும் சுமக்கும் உத்திரம் அதைத் தாங்கியது. திருமங்கலம் மரவாடிக்கு அளவும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அறுப்பு.

சாயங்காலம் டீயை ஆறவிட்டு நீ என் தாளைப் பார்த்தாய். பாத்திரங்களுக்கு நேரே 'சில நாள் பாரம்' என்று எழுதியிருந்தேன். திருவிழாச் சாமான்தானே என்ற நினைப்பு. சில நாளே நிற்கும் பாரத்தை மரம் கூடுதலாகத் தாங்கும் என்று விதி ஒரு சலுகை தருகிறது. அதையும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, திருவிழாவுக்குத்தான் அது கீழ எறங்குது. மிச்ச நாள் பூராம் எங்க இருக்கு?" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. அண்டா ஒன்றும் அவ்வளவு கனமில்லை என்று வீம்புக்குச் சொன்னேன். நீ சண்டைக்கு வரவில்லை. சலுகையை அடித்துவிட்டு மறுபடி போட்டாய். சொந்த எடையும் பாத்திரமும் மட்டும், காற்றில்லை, ஆளில்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்காத சின்னத் தொகை. அதில் உத்திரம் தோற்றது. அதற்குக் கீழேதான் ஊரே பந்தியில் உட்காரும்.

"காத்து வந்துட்டுப் போயிரும். இது போகாதுல்ல," என்றாய்.

மரவாடிக்குப் போன் போட்டு அறுப்பை நிறுத்தச் சொன்னேன். உத்திரத்தின் தடிமனைக் கூட்டினோம். வெட்கத்தைவிட வியப்புதான் எனக்கு அதிகம். வெட்டிப் போட்ட பிறகும் மரம், தன்மேல் எவ்வளவு இருக்கிறது என்பதோடு எத்தனை நாளாக இருக்கிறது என்றும் பார்க்கிறது. எனக்கு அது புத்தகத்தில் ஒரு எண். உனக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று இன்றும் மலைத்துப்போகிறேன்.

பத்து வருஷம் கழித்து வந்து, உத்திரம் வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்போம் என்று கூரை ஏறிய அன்று சொன்னாய். ஆறாவது வருஷமே புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று நூலோடுதான் போனேன். உத்திரத்தின் அடி விளிம்பில் வாட்ச்மேன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை ஆணியில் கட்டினேன். ஏணியில் நின்று நடுவில் பார்த்தேன். பாரத்தை இறக்கிய பிறகும் மெல்லிய வளைவு ஒன்று மிச்சம் இருந்தது. சுண்டுவிரல் கனம்கூட இல்லை. நீ கணக்கில் சொன்ன அளவுக்குள்தான்.

"சரியா இருக்குடி," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

இப்போதெல்லாம் யார் கூரை கேட்டு வந்தாலும், எவ்வளவு எடை என்பதற்கு முன்னால் அது அங்கே எத்தனை நாள் இருக்கும் என்றுதான் கேட்கிறேன். நாளைக்குப் பந்திக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். அந்த உத்திரத்துக்கு நேர் கீழேதான் உட்காருவேன்.