நீல ஸ்டிக்கர்

வியாழன், இரவு.

போன வாரம் எங்கள் பனியன் கம்பெனியில் கேள்வித்தாள் கொடுத்து, அவரவர் குணத்துக்கு ஒரு கலர் ஸ்டிக்கரை அடையாள அட்டையில் ஒட்டினார்கள். எனக்கு நீலம். உணர்ச்சிவசப்படாதவளாம்.

இன்று டெய்லர் செல்வியின் அப்பா இறந்துவிட்டதாக ஊரிலிருந்து போன் வந்தது. மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டார். "சூப்பர்வைசரம்மா, நீங்களே சொல்லீருங்க. உங்களுக்குத்தான் அழுகையே வராதுங்களே."

ஊசி விரலில் ஏறிவிடக்கூடாதே என்று முதலில் அவள் மெஷினை அணைத்தேன். பிறகுதான் சொன்னேன். தையல் லைனில் இருந்த ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம் வந்தபோது மட்டும் கையைக் கூப்பினாள். "கெளம்பறேனுங்க மேடம்."

அவளை அணைக்க நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மெஷினைத் துடைத்தேன்.

பின்னால் யாரோ சொன்னார்கள்: "பாத்தீங்களா, இப்பக்கூட அந்தம்மாளுக்கு வேலைதானுங்க."