தழைச் சாக்கு கிடந்த இடம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பட்டுப்புழுக்கள் நாலாவது தோலை உரித்துவிட்டு எழுந்துவிட்டன. இனி ஒரு வாரத்துக்கு எங்கள் சோறு, தூக்கம் எல்லாம் அவை விட்டுவைக்கிற மிச்சம்தான். மூட்டை மூட்டையாக மல்பெரித் தழை போட்டாலும் போதவில்லை.

ஆடிப் பதினெட்டு என்று பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஒகேனக்கல் போய்விட்டு வந்தேன். தலையில் மல்லிகை, முகத்தில் பவுடர். புழு வீட்டு வாசலிலேயே இவர் மறித்துவிட்டார். "பூவ எடுத்துட்டு, மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வா. வாசம் புழுவுக்கு ஆவாது."

கட்டிய பெண்டாட்டியைவிடப் புழு பெரிசா என்று கேட்டேன். "ஒரு வாரத்துக்குப் பெரிசுதான் சுகுணா" என்று சிரிக்கிறார். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மண்ணுக்கு வந்த மனுஷனுக்கு இந்தத் திமிர். மோட்டார் போடுவதற்கும் இப்படித்தான், ரப்பர் செருப்பு, காய்ந்த துண்டு, கையைத் துடைக்காமல் சுவிட்சைத் தொட மாட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு பத்தியம். பூவை எருக்குழியில் வீசிவிட்டேன். இன்னும் கோபம் போகவில்லை.

ஆகஸ்ட் 5

விடியலில் தழை பறிக்கப் போனவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரண்ட் அடித்துவிட்டதாம். இவர் இனி இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று எரித்தாயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பங்காளி முறையில் இவருடைய பெரியப்பா மகன் நஞ்சப்பன் மாமா கொள்ளி வைத்தார். மோட்டார் ரூம் பக்கத்தில் கிடந்தார் என்று போலீசிடம் சொன்னவரும் அவர்தான். "மாதவராஜ் ஈரக் கையோட சுவிட்சப் போட்டுட்டான் சார். அஜாக்கிரதை." வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும் அதே வார்த்தை. இப்போது ஊர் முழுக்க அதே வார்த்தை.

யார் அஜாக்கிரதை? இவரா? காலில், முட்டிக்குக் கீழே, கருகின கோடு இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். சுவிட்சைக் காலாலா போடுவார்? கேட்டதற்கு, "துக்கத்துல என்னமோ பேசுது" என்று தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள்.

எடுப்பதற்கு முன் என் தலை கொள்ளாமல் மல்லிகை வைத்தார்கள். பிறகு அதையே பிடுங்கினார்கள். புழு இருக்கிற வீட்டில் நான் பூ வைக்க மாட்டேன் என்று ஒருத்திக்காவது தெரியுமா? இவருக்குப் பிடிக்காத வாசத்தோடு இவரை அனுப்பவைத்துவிட்டார்கள்.

இன்று காலை புழு வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து ஒருவரும் தழை போடவில்லை. தலையைத் தூக்கித் தூக்கித் தேடுகின்றன. நஞ்சப்பன் மாமா குறுக்கே வந்து நின்றார்.

"தீட்டு வூட்டுக்காரங்க புழு வூட்டுக்குள்ள காலு வெக்கக் கூடாதும்மா. ஆள வுட்டு எல்லாத்தையும் குழியில கொட்டிடறேன். நீ போயி உள்ள உக்காரு."

பங்காளிக்கும்தானே தீட்டு? அவர் ஆள் வைத்துக் கொட்டலாம், நான் ஒரு கை தழை போடக்கூடாதா?

"யாரு செத்தாலும் புழுவுக்குப் பசிக்கும். வழிய வுடுங்க" என்றேன். நோய் உள்ளே வராமலிருக்க வாசலில் கொட்டியிருந்த சுண்ணாம்புத் தூளை மிதித்து, இவர் பழக்கியபடியே உள்ளே போனேன். வெளியே முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

ஆகஸ்ட் 8

தழை பறிக்கக் கடைசி வரப்பு வரை போனேன். அந்தப் பக்கம் நஞ்சப்பனின் கரும்பு.

வரப்போரம் இவருடைய சாக்கு கிடந்தது. பாதி நிறைத்த தழை, உள்ளேயே வாடிக் கறுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி இவருடைய ரப்பர் செருப்பு, ஒரு கால் மட்டும். கரும்பை ஒட்டி வரிசையாகக் குச்சி பிடுங்கின குழிகள், மண் இன்னும் புதுசாக. காட்டுப்பன்றிக்குக் கரண்ட் கம்பி கட்டியிருக்கிறான். விடிந்தும் நிறுத்தவில்லை.

மோட்டார் ரூம் நிலத்தின் மறு கோடியில் இருக்கிறது. அங்கே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறார்கள்.

கம்பியைச் சுருட்டிக்கொண்டு போகத் தெரிந்தவனுக்கு இந்தச் சாக்கை எடுக்கத் தோன்றவில்லை. அவன் கண்ணுக்கு அது குப்பை. நானும் எடுக்கவில்லை, கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

கொன்றவனே கொள்ளி வைத்திருக்கிறான் — நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் — இனி அவன் எனக்கு மாமா இல்லை.

ஆகஸ்ட் 9

அன்றைக்குக் காலையில் தோட்டத்துக்கு இவருக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனவர் அத்தை. இவரைப் பெற்ற தாய். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"அத்த, எங்க கெடந்தாரு? நெசத்தச் சொல்லுங்க."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, "செத்தவன் வரப்போறானா கண்ணு? நஞ்சப்பனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. சின்னம்மான்னு என் கால்ல வுழுந்து அழுதான். ஜெயிலுக்குப் போயிட்டா அதுங்க தெருவுல நிக்கும்."

கத்திவிட்டேன். "நான் எங்க நிக்கறேன்? உங்க மவன் அஜாக்கிரதையால செத்தான்னு ஊரே பேசுதே, அது உங்க காதுல வுழுவுலியா?"

எழுந்து உள்ளே போய்விட்டார். இந்த வீட்டில் இனி யாரோடு பேசுவது?

ஆகஸ்ட் 10

களி கிண்டினேன். அத்தையின் தட்டை நகர்த்தி வைத்தேன். எழுந்து போய்விட்டேன்.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கல்யாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு இவரை மட்டும் போட்டிருக்கிறார்கள். இவர் தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம். 'ஆழ்ந்த துயரத்தில்' என்று போட்டு, முதல் பெயர் நஞ்சப்பன். பிளேடு எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெயரை அறுத்தெடுத்தேன். நாலு பேர் பார்த்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியென்றால் ஊருக்கே தெரியும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புழு பழுத்துவிட்டது. பழுத்த புழுவை உடனே பொறுக்கிக் கூடு கட்டுகிற மூங்கில் தட்டில், சந்திரிகையில், விட வேண்டும், இல்லாவிட்டால் கூடு கட்டாமல் நூலை வீணாக விட்டுவிடும். எப்போதும் வருகிற ஆட்களைக் கூப்பிட்டேன். சாவு வீட்டுப் புழுவைத் தொட மாட்டோம் என்று வரவில்லை. ஒற்றையாளாகப் பொறுக்கினேன். கை இரண்டும் போதவில்லை, ஆத்திரத்தில் அழுதுகொண்டே பொறுக்கினேன்.

வாசலில் யாரோ சுண்ணாம்பை மிதிக்கிற சத்தம் கேட்டது. அத்தை. தீட்டு, சாத்திரம் எல்லாம் பார்க்கிறவர். உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தட்டு பாதி முடிந்தபோது, யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். "அவன் கையில தழை இருந்துது. இறுக்கிப் புடிச்சிருந்தான். தூக்கிட்டுப் போறதுக்கு முன்னால நஞ்சப்பன் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு அதப் புடுங்கிப் போட்டான். நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

சொல்லிக்கொண்டே பொறுக்கினார், ஒரு புழுவையும் அவர் நசுக்கவில்லை.

"காலையில மொத பஸ்ஸுக்குப் போலாம்" என்றார்.

மன்னித்துவிட்டேனா? இல்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13

ஸ்டேஷனில் அத்தையை உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. "எம் மவன் மோட்டார் கிட்ட சாவலீங்க" என்று தொடங்கி நின்றபடியே முழுவதும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அப்போதே ஜீப்பில் வந்து வரப்பைப் பார்த்தார். சாக்கு அங்கேயேதான் கிடந்தது.

சாயங்காலம் நஞ்சப்பனின் மனைவி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். பின்னால் அந்த இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 20

தருமபுரி அங்காடிக்குக் கூடு போயிற்று. தீட்டுப் புழு என்று பயந்தார்களே, கெட்டியான வெள்ளைக் கூடு. இவர் இருந்திருந்தால் ஒன்றை எடுத்து, உள்ளே புழு உருளுகிற சத்தம் கேட்கிறதா என்று காதோரம் ஆட்டிப் பார்த்திருப்பார். நான் ஆட்டிப் பார்த்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்டேஷனுக்கு மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். கேஸை மாற்றி எழுதியதை இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். அத்தை புரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னா கண்ணு போட்டிருக்குது?"

"அஜாக்கிரதையா கம்பியில கரண்ட் வுட்டு ஒரு உயிரப் போக்குனாருன்னு நஞ்சப்பன் பேர்ல போட்டிருக்குது, அத்த."

"நம்ம பையன் மேல?"

"ஒண்ணும் இல்ல."

வாசலில் பூக்காரி கூடையோடு நின்றிருந்தாள். அத்தையே ஒரு முழம் வாங்கி என் கையில் கொடுத்தார். பிறகு அவருக்கே புழு ஞாபகம் வந்து, வாங்கின பூவைப் பூக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நேற்றுதான் புதுப் புழு இறக்கியிருக்கிறோம்.