மார்கழியில் விசிறி

1912, டிசம்பர் 3, செவ்வாய். பகலெல்லாம் தூறல்.

டாக்டரம்மா மன்னிக்கவேண்டும். எட்டு மணிக்கு மேல் விழித்திருக்கக் கூடாது என்பது உங்கள் உத்தரவு. இப்போது தெரு நாய்கூட அடங்கிவிட்டது. பகலில் எழுத உட்கார்ந்தால் தங்கம் மைப்புட்டியைக் கவிழ்க்கிறாள். மாமியாரான அத்தை, "என்னளா எழுதுத?" என்று எட்டிப் பார்க்கிறார். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் கூச்சம். அதனால் ராத்திரி. முதுகுக்கு இரண்டு தலையணை, காலுக்குப் போர்வை. இது வேலையில் சேராது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் செய்த வயிற்றுத் தழும்பு காய்ந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் அரிப்பு. இருமினால் கையை வைத்து அழுத்திக்கொள்கிறேன். மற்றபடி சுகம்.

டா. சொல்லி அனுப்பியவை (நான் மறக்கவில்லை, வீட்டார் மறந்துபோகிறார்கள்): தண்ணீர்க்குடம் கூடாது. ஆட்டுரல், உலக்கை கூடாது. பிள்ளையை இடுப்பில் தூக்கக் கூடாது. மத்தியானம் கட்டாயம் படுக்கை. கிறிஸ்மஸ் தாண்டும்வரை எல்லாமே பைய, அவசரமில்லாமல்.

தூக்காமல் இருப்பதுதான் கொல்லுகிறது. தங்கத்துக்கு மூன்று வயது. கையை நீட்டுவாள், நான் தரையில் உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்வேன். அவள் எங்கே விழுவாளோ, அவசரத்தில் நான் எங்கே தூக்கிவிடுவேனோ என்று நாள் முழுதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவளுக்கோ பெருமை. வாழைக்காய் விற்கிறவளிடம் இன்று: "எங்க அம்மைய நூலு வச்சுத் தச்சிருக்கு. தொடாத, கிழிஞ்சிரும்."

டிச. 5, வியாழன். வாடைக்காற்று.

ஊருக்கெல்லாம் குளிர். எனக்கு மட்டும் சித்திரை. அடி நெஞ்சில் யாரோ அடுப்பை ஊதிவிட்டதுபோல் ஒரு சூடு, கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறுகிறது. ரவிக்கை நனைந்துவிடுகிறது. பிறகு பல் கிட்டும் குளிர். பனையோலை விசிறியை விட்டு நகர முடியவில்லை.

"மழக்காலத்துல விசிறுதவள இப்பதான் பாக்கேன்" என்றார் அத்தை. "படிச்ச உடம்பு."

காரணம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பிய அன்று டா. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது. கட்டி தேங்காயளவு, இடது சினைப்பையை விழுங்கியிருந்தது. வலதும் கெட்டுப்போயிருந்தது. இரண்டையும் எடுக்காவிட்டால் நான் பிழைக்கமாட்டேன், எடுத்துவிட்டார்கள். இனிப் பிள்ளை இல்லை, மாதவிலக்கும் இல்லை. "இருபத்தாறு வயதில் உன் உடம்பு ஐம்பது வயதுக்காரியைப்போலச் சில காலம் நடந்துகொள்ளும். பயப்படாதே. பழகும்." அந்தச் சினைப்பைகள் இரத்தத்தில் ஏதோ ஒரு சாற்றைக் கலந்துகொண்டே இருக்குமாம். அது நின்றதும் உடம்பு தடுமாறுகிறது. அதற்குச் சீமையில் இப்போதுதான் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம், சொன்னார்கள், மறந்துவிட்டேன். காலேஜில் அந்தப் பாடம் வந்தபோது மிஸ்ஸம்மா, "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போனார்கள். வகுப்பில் ஒருத்தியும் வாசிக்கவில்லை.

வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாது. தங்கத்தின் அப்பா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். வண்டியில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வண்டி பாலம் ஏறும்போது அவரே ஆரம்பித்தார்: "கட்டி போச்சு. இனி ஒரு பயலும் வந்துட்டாம்னா குறையே இல்ல, என்ன ஞானம்?" ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். லீவு முடிந்து கொழும்புக்குக் கப்பலேறும் வரை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கடிதம் ஒவ்வொன்றிலும் "பயல்" வருகிறான்.

டிச. 9, திங்கள். வெயில் தலைகாட்டியது.

வீட்டில் கிறிஸ்மஸ் வேலை தொடக்கம். சுவருக்குச் சுண்ணாம்பு. அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டாயிற்று. நான் மத்தியானம் படுத்தேன்.

அத்தை கொல்லையிலிருந்து, எனக்குக் கேட்கும்படி: "நான் என் மவனப் பெத்த மூணாம் நாளு நெல்லு குத்தினேன்."

எழுந்து போனேன். ரோஷம். உலக்கையைத் தொடவில்லை, மாவு சலிக்கமட்டும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சூடு ஏறி, கண் இருண்டு, வாழை மூட்டில் வாந்தி. அடுத்த வீட்டு மேரி அக்கா ஓடி வந்து தலையைப் பிடித்தாள். அத்தையும் அவளும் பார்த்துக்கொண்டார்கள்.

"கொடியில துணி காயலயே, எத்தன மாசமா?"

"ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து இல்லளா. நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"அப்பம் என்ன சந்தேகம்? அண்ணன் லீவுல வந்துட்டுத்தான போனாவ!"

எனக்குத் தலை சுற்றல். சல்லடை யார் கையில் போனது என்றுகூடத் தெரியவில்லை.

டிச. 11, புதன்.

நேற்றும் இன்றும் உளுந்தங்களி. கருப்பட்டி, நல்லெண்ணெய் குழியில் ததும்ப. அத்தையே கிண்டி, அத்தையே பக்கத்தில் உட்கார்ந்து. "தின்னு. இடுப்புக்குப் பெலம்." படுக்கையை உள்ளறைக்கு மாற்றியாயிற்று, அங்கே காற்று அடிக்காது. தங்கத்திடம், "அம்ம மேல ஏறாத, தம்பி வாரான்."

அப்போதுதான் உறைத்தது. முழுகாமல் இருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன், ஒரு கவளம் களி உள்ளே போனது. படுத்தேன். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு இன்றுதான் மத்தியானம் கனவில்லாமல் தூங்கினேன். எழுந்தபோது உடம்பில் ஒரு பாரம் இறங்கியிருந்தது, தையல் இருக்கிற நினைவே இல்லை. டா. எழுதிக் கொடுத்தும் நடக்காத ஓய்வு இப்படி நடக்கிறது. பொய்யை நான் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை.

இன்னும் இரண்டு நாள். பிறகு சொல்லிவிடுவேன்.

டிச. 15, ஞாயிறு. பனி.

சொல்லவில்லை. இன்று கோவிலில் நடந்தது:

பெண்கள் பக்கம் பாயில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். ஜெபக் குறிப்புகள் வாசிக்கும் நேரம். வியாதியஸ்தர், பிரயாணம் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள். சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கர்ப்பவதியாயிருக்கிற சகோதரி ஞானம்மாளுக்காகவும்" என்றார்.

அத்தை கொடுத்த குறிப்பு. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சூடு. காது மடல் எரிகிறது, முகமெல்லாம் வியர்வை, முந்தானையால் விசிறிக்கொள்கிறேன். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "வெக்கத்தப் பாரு." ஐயரம்மா கண்ணாலேயே வாழ்த்தினார்கள். சபை முழுதும் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன் போலிருக்கிறது.

இனித் தள்ளக்கூடாது. வீட்டுக்குள் இருந்தவரை ஒன்று. இப்போது முழங்காலில் நிற்கிறவர்களெல்லாம் இல்லாத பிள்ளைக்காகக் கேட்கிறார்கள்.

டிச. 17, செவ்வாய்.

சொல்லிவிட்டேன்.

அத்தை மகனுக்குக் கடிதம் என்றால் நான்தான் எழுதுவது. இன்று முறத்தில் அரிசியோடு எதிரே உட்கார்ந்தார். "எழுதுளா. அன்புள்ள மகனுக்கு அம்மை. மழ பரவால்ல. மாடு சுகம். எழுதிட்டியா? ஞானம் முழுகாம இருக்கா."

பேனா நின்றது.

"ஏன், வெக்கமா? நான் சொல்லுததா எழுது."

"அத்த, அது இல்ல."

"எது இல்ல?"

"பிள்ள இல்ல. இனிமேலும் கிடையாது."

பிறகு எல்லாம் சொன்னேன். தேங்காயளவு, இடது, வலது. காலேஜ் தமிழில் ஆரம்பித்தேன், அத்தைக்குப் புரியவில்லை. வீட்டுத் தமிழுக்கு இறங்கினேன். "பிள்ள உண்டாவுத இடம் ரெண்டையும் எடுத்துட்டாவ அத்த. அதான் துணியும் இல்ல. இந்தக் காந்தலும் அதான்."

"யாரக் கேட்டு எடுத்தா அந்த வெள்ளக்காரி?"

"கேக்க நேரமில்ல. நான் மயக்கத்துல கிடந்தேன். விட்டிருந்தா போயிருப்பேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கோயில்ல ஐயர் வாசிக்கும்போ கல்லு மாதிரித்தான உக்காந்திருந்த?"

"ஆமா."

"ஒரு வாரமாக் களி கிண்டி ஊட்டினேனேளா!"

"அது வேண்டியிருந்தது அத்த. அது இல்லன்னா இன்னைக்கு இத சொல்ல எனக்குத் தெம்பு இருந்திருக்காது."

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பாதி எழுதிய கடிதம் மாடு சுகத்தோடு நிற்கிறது. நான் அழவில்லை. எழுதிவைக்கிறேன், அழவில்லை.

டிச. 18, புதன்.

அத்தை சோறு வைத்தார், தட்டு சத்தமாக விழுந்தது. தங்கம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் மடியில் சுருண்டுகொண்டாள். நெற்றி லேசாகச் சுட்டது போல் இருந்தது, ஐந்தாறு முறை தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் கைதான் சூடு.

தங்கத்தின் அப்பா என்ன சொல்வார்? அதுதான் கேள்வி. அத்தை கோபம் தட்டில் தீர்ந்துபோகும். அவர் கோபிக்கவே மாட்டார். மரியாதையாக, சுருக்கமாக எழுத ஆரம்பிப்பார். அதுதான் பயம்.

டிச. 19, வியாழன். கடும் பனி, விடிந்தும் எதிர்வீடு தெரியவில்லை.

அடுப்படியில் எனக்குச் சூடு வந்தது. அத்தை துண்டை நனைத்துப் பிழிந்து என் பிடரியில் போட்டார். அடுப்பைப் பார்த்தபடி:

"எனக்கும் வந்துச்சு. நாப்பத்தஞ்சு வயசுல. பேய் பிடிச்சிருக்குன்னு வீடு கூடி ஜெபம் பண்ணினாவ."

"அப்புறம்?"

"ரெண்டு வருசத்துல போயிட்டு. ஜெபத்துல போச்சுன்னு அப்ப இருந்த ஐயர் சொன்னாரு. அவரு பொண்டாட்டிக்கும் இருந்துச்சு, அவ எங்கிட்ட மோரு குடிக்கச் சொன்னா. மோருல போச்சுன்னு நான் வச்சுக்கிட்டேன்."

சிரித்துவிட்டேன். தழும்பு இழுத்தது. அத்தை சிரிக்கவில்லை, ஆனால் இரண்டாம் முறை துண்டை நனைத்தார்.

"உனக்கும் போவுமா?"

"போகும். டாக்டரம்மா சொன்னாவ."

"இல்லன்னாலும் மோரு இருக்கு."

டிச. 20, வெள்ளி.

காலையில் அத்தை வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, "வாளா" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. பைய நடந்தோம், எனக்காக இரண்டு இடத்தில் நின்றார். ஐயர் வீடு.

"ஐயரே, போன ஞாயித்துக்கெழம நான் குடுத்த ஜெபம் தப்பு."

"தப்பான ஜெபம்னு ஒண்ணு உண்டா அம்மா?"

"உண்டு. பிள்ள இல்ல. இனி இருக்காது. ஆளு இருக்கா, இந்தா நிக்கா. அத வாசிங்க."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐயரம்மா வாசல் திரைக்குப் பின்னால். என்ன எழுதுவது என்று அவர் தயங்கியபோது நானே சொன்னேன்: "ஆபரேஷனில் பிழைத்துச் சுகமாகிவருகிறவளுக்காக ஸ்தோத்திரம் என்று வாசித்தால் போதும் ஐயா. மற்றதைக் கேட்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, குரல் நடுங்கவில்லை.

திரும்பும் வழியில் அத்தை, "ஒன்னய நல்லாத்தான் படிக்க வச்சிருக்காவ" என்றார். முன்பு சொன்ன "படிச்ச உடம்பு" போல இல்லை.

டிச. 22, ஞாயிறு. இளவெயில்.

வாசித்தார். தலையை நிமிர்த்திக் கேட்டேன்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "ஐயோ பாவம்" என்றாள். "பாவம் இல்ல சித்தி, உயிரோட இருக்கேன்" என்றேன். மேரி அக்கா முகம் சுண்டிப்போயிருந்தது.

"அப்பம் என் கணக்கு தப்பா ஞானம்?"

"கணக்கு சரிதான் அக்கா. விடைதான் வேற."

"நான்தான உங்க அத்தைய ஏத்திவிட்டேன்."

"ஒரு வாரம் களி தின்னேன்லா. போதும்."

அதிரசம் சுடுவதை அத்தையும் மேரி அக்காவும் எடுத்துக்கொண்டார்கள். நான் மத்தியானம் படுத்தேன். கொல்லையிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

சாயங்காலம் கடிதம். மாடு சுகத்தோடு நின்றதைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எடுத்தேன். அத்தை முதலில் தன் பங்கைச் சொன்னார்: "லே, நீ பயலு பயலுன்னு எழுதின கடுதாசி எல்லாத்தையும் அடுப்புல போட்டாச்சு. வேற சேதி எழுது." (போடவில்லை. பெட்டியில் இருக்கின்றன. சொன்னபடியே எழுதினேன்.) பிறகு தங்கத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார், நான் தனியாக எழுதட்டும் என்று.

என் பங்கின் கடைசிப் பகுதி, நகல்:

நடந்தது முழுவதும் மேலே எழுதிவிட்டேன். வண்டியிலேயே சொல்லியிருக்கவேண்டும். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அன்று எனக்குத் தெம்பு இல்லை, இன்று இருக்கிறது. தங்கம் ஒருத்திதான் நமக்கு. நான் நன்றாக இருக்கிறேன், இன்னும் நன்றாக ஆவேன். ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் பாதி நேரம் பாடம் நடத்த வரச் சொல்லியிருக்கிறார்கள், போகப்போகிறேன். உங்களுக்கு வருத்தம் இருக்கும். இருந்தால் வருத்தம் என்றே எழுதுங்கள். மரியாதைக்கு இரண்டு வரி எழுதி அனுப்பவேண்டாம், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அடுத்த கப்பல் தபாலிலேயே போடுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.