பெயர்ச்சிக்கு இரண்டாம் பதிப்பு

திருநள்ளாறு,
18-11-1987

சௌபாக்கியவதி அல்லிக்கு,

நீயும் சுப்ராயனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான்கு நாட்களாக விடாத மழை. கொல்லைச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. விடுதிக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆடியிலேயே ஓடு மாற்றச் சொன்னபோது முணுமுணுத்தவர்கள் இப்போது வாயைத் திறப்பதில்லை.

நீ அனுப்பிய, அறைப்பதிவுக்கான கணிப்பொறி நிரலின் மூன்றாம் பதிப்புப் பிளாப்பிகள் நனையாமல் வந்து சேர்ந்தன. அதை நீ வெர்ஷன் என்கிறாய். எனக்குப் பதிப்பு என்றால்தான் விளங்குகிறது. அடுத்த மாதம் சனிப்பெயர்ச்சி. அன்றைக்கு இந்த இருபத்திரண்டு அறைகளையும் எந்தப் பதிப்பை வைத்துக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பதிப்பு, அதாவது பழையதுதான்.

படித்ததும் உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். சுப்ராயன் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தான். உன் மேலாளர் பெயர்ச்சியன்று இங்கே வரப்போகிறாராம். அந்தக் கூட்டத்தில் புதிய பதிப்பு தடங்கலின்றி ஓடுவதைப் பார்த்துவிட்டால் உன்னைக் குழுத் தலைவியாக்குவாராம். “அம்மா, தயவுசெஞ்சு மறுத்துடாதீங்க, நான் எழுதுனது அவளுக்குத் தெரியவும் வேணாம்” என்று எழுதியிருக்கிறான். இந்த வீட்டில் ஒருவர் விஷயத்தை இன்னொருவர் மூலமாகப் பேசும் வழக்கத்தை நான் வைத்துக்கொண்டதில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

புதியதைத் தொட்டுப் பார்க்காமல் ஒதுக்கினேன் என்று நினைக்காதே. போன சனிக்கிழமை முழுவதும் கணக்குப்பிள்ளை முத்தையனை ரசீதுகளைக் கையால் எழுதச் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே ஆட்களை அதே நேரத்தில் மூன்றாம் பதிப்பில் நான் ஏற்றிக்கொண்டே வந்தேன். காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எழுத்து தெளிவாக இருக்கிறது. முன்பணம் வாங்கிய அறையை ரத்து செய்யவும் இப்போது வழி வைத்திருக்கிறாய். பழையதில் அது கிடையாது. ஒரு தேதிக்கு ஒரு பெயரை முன்கூட்டி எழுதிவிட்டால், அந்த ஆள் வந்து தங்கிப் போனால்தான் அறை காலியாகும். கும்பகோணத்துக்காரர்கள் வராமல்போன அன்று ஓர் அறை சும்மா பூட்டிக் கிடந்ததை நான் மறக்கவில்லை.

பதினொரு மணிக்குச் சேலத்திலிருந்து ஒரு குடும்பம், குழந்தைகள் ஈரத்தலையோடு நிற்கிறார்கள். அஞ்சுகம் விளக்குமாற்றோடு வந்து, “நாலாம் நம்பர் கூட்டியாச்சும்மா, ஆள அனுப்புங்க” என்கிறாள். திரையோ நான்கில் ஆள் இருக்கிறது என்கிறது. எத்தனை முறை தட்டினாலும் அதே பதில். அஞ்சுகம் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப உள்ள குந்தியிருக்கறது சனீஸ்வரனாம்மா?” என்றாள். முத்தையன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். நல்லவேளை, அவர் கையால் எழுதிய ரசீது இருந்தது. சேலத்துக்காரர்கள் நான்காம் அறைக்கே போனார்கள்.

காரணத்தை நானே கண்டுபிடித்தேன். உங்கள் சென்னை விடுதிகளில் ஓர் அறை என்றால் ஒரு நாள். இங்கே வருகிறவர்கள் விடியலில் வந்து, எண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகி, கட்டிய துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரிசனம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். ராத்தங்க மாட்டார்கள். ஒரே தேதியில் ஓர் அறையை இரண்டு குடும்பத்துக்கும் கொடுப்போம், மூன்று குடும்பத்துக்கும் கொடுப்போம். பழைய பதிப்பு அந்தத் தேதிக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்றா என்று பார்ப்பதில்லை, இருந்த ஆள் வெளியேறினாரா என்று மட்டும் பார்க்கிறது. நீ அதைக் குறை என்று நினைத்துத் திருத்திவிட்டாய். அந்தக் குறையில்தான் இந்த விடுதி நடக்கிறது, அல்லி.

இரண்டே நாளில் சரிசெய்து அனுப்புகிறேன் என்பாய். செய்வாய், சந்தேகமில்லை. ஆனால் நேற்று திருத்தியது எல்லாவற்றையும்விடப் புதியது. பெயர்ச்சிக்குள் அதை நான் நாலு சனிக்கிழமைகூடப் பார்த்திருக்க மாட்டேன். கான்வெண்டில் எங்கள் மதர், பென்சிலில் எழுதியதைக் காட்டாமல் மையில் எழுத ஒருத்தியையும் விட்டதில்லை. பெயர்ச்சியன்று வாசலில் ஆயிரம் பேர் நிற்கும்போது பென்சில் பிரதியை நீட்ட என்னால் முடியாது. என் கணவர் பெயர் போட்ட விடுதியில், பணம் கட்டியவர்கள் கைக்குழந்தையோடு மழையில் நிற்கக் கூடாது.

திருத்தியதைத் தை பிறந்ததும் அனுப்பு. இங்கே செவ்வாய்க்கிழமைகளில் ஈ ஓட்டுகிறோம். ஒரு செவ்வாயில் ஆரம்பித்து, நாலு சனிக்கிழமை தாண்டிவிட்டால், பிறகு பழையதை நானே பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன்.

உன் மேலாளர் தாராளமாக வரட்டும். கூட்டத்தில் இரண்டாம் பதிப்பு ஓடுவதைப் பார்க்கட்டும். இரண்டு வருடமாக ஓர் அறைகூடத் தப்பாகக் கொடுக்காத அதை எழுதியதும் நீதான் என்று அவருக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நான் நினைவுபடுத்துகிறேன். மூன்றாம் பதிப்பின் தவறு ஆயிரம் பேர் நடுவில் வெளிப்படாமல், என் மேஜையிலேயே அகப்பட்டதையும் சொல்கிறேன். அதற்குமேலும் அவருக்கு உன் அருமை தெரியாவிட்டால், அப்படிப்பட்டவரிடம் வாங்கும் பதவியால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொரு விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு நீ இங்கே வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் கணிப்பொறியை வைத்துக் கொடுக்க. முன்னறையிலேயே வேலையை முடித்து, என்னை மேடம் என்று கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். முத்தையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெயர்ச்சிக்கு எல்லா அறையும் பேசியாகிவிட்டது, ஏழாம் அறையைத் தவிர. குளத்துப் பக்கம் ஜன்னல் உள்ள அறை அது. ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள், கொடுக்கவில்லை. நேற்று நானே உட்கார்ந்து அதில் உன் பெயரை ஏற்றிவிட்டேன், பழைய பதிப்பில். அதை அழிக்க வழியில்லை என்பது எழுதிய உனக்குத் தெரியாததல்ல. நீ வந்து தங்கினால்தான் உண்டு.

மழைக்காலம், பகல் பஸ்ஸிலேயே வா. தீர்க்க சுமங்கலியாக, எடுத்த காரியமெல்லாம் ஜெயமாக நீ இருக்க வேண்டும்.

உன் அத்தை,
கமலாம்பாள்